குடும்பக் காருக்கு எத்தனை குதிரை?

ஒரு நெல் மூட்டை 75 கிலோ. அதை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் செலவாகும் திறன் ஒரு மெட்ரிக் குதிரைத்திறன், அதாவது 735.5 வாட். கார் விளம்பரங்களில் பி.எஸ். என்று போடுவது இதைத்தான். பி.எச்.பி. என்பது ஜேம்ஸ் வாட் வகுத்த பிரிட்டிஷ் அளவு. அது 746 வாட். மெட்ரிக் அளவைவிட ஒன்றரை விழுக்காடு பெரியது, அவ்வளவே. 82 குதிரைத்திறன் கொண்ட செடான், முழு மூச்சில் ஓடும்போது நொடிக்கு 82 நெல் மூட்டைகளை ஒரு மீட்டர் தூக்கும் வலுவுடையது. ஆனால் எந்தக் குடும்பக் காரும் நாள் முழுவதும் முழு மூச்சில் ஓடுவதில்லை. விளம்பரத்தில் இருக்கும் எண்ணுக்கும் சாலையில் செலவாகும் எண்ணுக்கும் இடையே உள்ள தூரம்தான் மைலேஜையும் ஓரளவுக்கு எஞ்சினின் ஆயுளையும் தீர்மானிக்கிறது.

சமதளத்தில் சீரான வேகத்தில் போகும் கார் இரண்டே எதிர்ப்புகளை வெல்ல வேண்டும். ஒன்று, டயர் உருளும்போது நசுங்கி விரிவதால் வரும் உருளல் தடை. இது வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறாது, எடையைப் பொறுத்தது. இன்னொன்று காற்றுத் தடை. வேகம் இரு மடங்கானால் இது நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்காகும். நான்கு பேரும் பைகளுமாக 1,400 கிலோ எடையுள்ள ஒரு நடுத்தர செடானுக்குக் கணக்குப் போட்டால், 50 கி.மீ. வேகத்தில் சக்கரத்துக்கு வேண்டியது ஏறக்குறைய நாலரைக் குதிரைத்திறன். 80 கி.மீ. வேகத்தில் 11. சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி 100 கி.மீ. வேகத்தில் போனால் 17. 120-ஐத் தொட்டால் 27. கியர் பெட்டியில் வீணாவதையும் ஏசி இழுப்பதையும் சேர்த்தாலும், ஊத்துக்கோட்டையிலிருந்து பெரியபாளையம் வழியாகச் சென்னைக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் காருக்கு 14 குதிரைத்திறன் இருந்தால் போதும். மீதி எல்லாம் பானட்டுக்குள் சும்மா இருக்கிறது.

மலை ஏறும்போதாவது அந்த மீதி தேவைப்படுமா? திருவள்ளூர் மாவட்டக் குடும்பங்களுக்குக் கார் என்றதும் நினைவுக்கு வரும் பயணம் திருப்பதி. நாகலாபுரம், புத்தூர் வழியாகப் போய் அலிபிரியில் மலைப்பாதை தொடங்குகிறது. சுமார் 16 கி.மீ. நீளத்தில் ஏறக்குறைய 700 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சராசரிச் சரிவில் 40 கி.மீ. வேகத்தில் ஏற 12 குதிரைத்திறன் போதும். பத்துக்கு ஒன்று என்ற கடும் ஏற்றம் வந்தாலும் 24-ஐத் தாண்டாது. குறித்த நேரத்துக்கு முன்பே மேலே போய்ச் சேர்ந்தால் அபராதம் என்ற கட்டுப்பாடும் அங்கே உண்டு. ஆகவே அதிகத் திறனுக்கு அந்தப் பாதையில் வேலையே இல்லை. ஏற்றத்தில் திணறும் கார் பெரும்பாலும் திறன் போதாமல் திணறுவதில்லை, கியர் இறக்காததால்தான் திணறுகிறது. உச்சத் திறன் 6,000 சுற்றுக்கு அருகில்தான் கிடைக்கும். 1,500 சுற்றில் மூன்றாவது கியரில் ஏறும்போது 80 குதிரைத்திறன் எஞ்சினிடம் கைவசம் இருப்பது இருபதுக்குச் சற்று மேல். மெக்கானிக்குகள் ‘இழுவை’ என்று சொல்வது இந்தக் குறைந்த சுற்றில் கிடைக்கும் முறுக்குவிசையை. ‘பிக்கப்’ என்பது வேறு; அது சட்டென வேகம் எடுப்பது.

பிக்கப் தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்றுதான்: முந்துதல். அதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஊத்துக்கோட்டைச் சாலை போன்ற இருவழிச் சாலையில், முன்னால் 60 கி.மீ. வேகத்தில் போகும் டிப்பர் லாரியைக் கடக்க 90 வரை வேகம் எடுக்க வேண்டியிருக்கிறது. 1,400 கிலோ காரை 60-லிருந்து 90-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 243 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 70 குதிரைத்திறன் எஞ்சின் சரியான கியரில் இதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 10 நொடி. 115 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 5 நொடி. திறன் ஒன்றரை மடங்குக்குச் சற்றே மேல், நேரமோ பாதி. காரணம், காற்றுக்கும் டயருக்கும் ஏசிக்கும் கொடுக்க வேண்டியதை இரண்டு எஞ்சினும் முதலில் கழித்துவிடுகின்றன. வேகம் எடுக்க உதவுவது மிச்சம் மட்டுமே. அந்த 10 நொடியில் கார் 200 மீட்டர் போகும். எதிரே 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரி 165 மீட்டர் நெருங்கிவிடும். ஆக, சின்ன எஞ்சின்காரருக்கு 370 மீட்டர் காலிச் சாலை கண்ணில் பட வேண்டும். பெரிய எஞ்சின்காரருக்கு அதைவிடக் குறைவே போதும். சித்திரை வெயிலில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். 40 டிகிரிக் காற்று 25 டிகிரிக் காற்றைவிட ஐந்து விழுக்காடு அடர்த்தி குறைந்தது. எஞ்சினுக்குள் போகும் ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது.

எனவே ஒரு காரைப் பார்க்கும்போது மொத்தக் குதிரைத்திறனைவிட, ஆட்களும் சாமான்களும் ஏறிய எடைக்கு டன்னுக்கு எத்தனை என்று பார்ப்பதே பொருத்தம். டன்னுக்கு 60 குதிரைத்திறன் இருந்தால் இந்தச் சாலைகளுக்குப் போதும். 45-க்குக் கீழே போனால் முந்தும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கும். 90-க்கு மேலே கிடைப்பது சந்தோஷத்துக்கு. பாதுகாப்புக்குப் பெரிதாக எதையும் கூட்டாது. 2024-இல் வந்த டிசையர் 82 குதிரைத்திறன் கொண்டது. ஐந்து பேர் ஏறினால் எடை 1,300 கிலோவுக்குச் சற்று மேல் போகும். டன்னுக்கு 60-ஐ ஒட்டி நிற்கும்.

இதே கணக்கைத் திருவள்ளூர் மாவட்டமே கால் நூற்றாண்டுக்கு முன் செய்துகாட்டியது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1998-இல் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷியின் லான்சர் செடானைத் தயாரிக்கத் தொடங்கியது. அதே உடலில் இரண்டு எஞ்சின்கள். ஒன்று 1,468 சி.சி. பெட்ரோல், 90-க்குச் சற்றுக் குறைந்த குதிரைத்திறன். இன்னொன்று 1,998 சி.சி. டீசல், டர்போ இல்லாதது, 68 குதிரைத்திறன். லிட்டருக்கு 34 குதிரைத்திறன் மட்டும் கறக்கப்பட்ட டீசல் எஞ்சின் அது. அவசரமில்லாத எஞ்சின், முந்துவதற்குப் பொறுமை வேண்டும். 2006-இல் அதே ஆலையிலிருந்து வந்த லான்சர் சீடியா, 2 லிட்டர் பெட்ரோலில் 115 குதிரைத்திறன் தந்தது. அதாவது லிட்டருக்கு 57. டர்போ பொருத்திய இன்றைய 1.5 லிட்டர் வெர்னா லிட்டருக்கு 107-ஐத் தாண்டுகிறது. ஒரே அளவுள்ள உலோகத்திடம் இரண்டு தலைமுறைக்குள் மூன்று மடங்கு வேலை வாங்கப்படுகிறது. உலோகவியலும் எண்ணெய் வேதியியலும் கண்ட உண்மையான சாதனை இது. பராமரிப்பில் பிழை செய்ய முன்பு இருந்த இடம் சுருங்கிவிட்டது என்பதும் இதன் மறுபக்கம். அந்தத் திருவள்ளூர் ஆலையில் இப்போது சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன.

அதிகத் திறன் ஏன் பெட்ரோல் குடிக்கிறது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ‘பெரிய எஞ்சின்’. அது பாதி பதில்தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. நல்ல பெட்ரோல் எஞ்சின் தனக்கு உகந்த நிலையில் அதில் 35 விழுக்காட்டுக்கு மேல் சுழற்சியாக மாற்றும். ஆனால் அந்த உகந்த நிலை கிடைப்பது நடுத்தரச் சுற்றில், எஞ்சின் தன் முறுக்குவிசையில் முக்கால் பங்கை வெளிப்படுத்தும்போது. 115 குதிரைத்திறன் எஞ்சின் 14 குதிரைத்திறன் வேலை செய்யும்போது திராட்டில் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும். பிஸ்டன் ஒவ்வொரு முறை காற்றை இழுக்கும்போதும், ஒருவர் மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு மூச்சிழுப்பது போலப் பாடுபடுகிறது. இந்த வீண் பாட்டுக்குப் பெயர் உறிஞ்சல் இழப்பு. இதனால் சாலையில் கிடைக்கும் செயல்திறன் 25 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. அந்த அளவில் 80 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 17 கி.மீ. வரும். 120-இல் எஞ்சின் உகந்த நிலைக்கு நெருங்கி 28 விழுக்காட்டைத் தொட்டாலும் காற்றுத் தடை எல்லாவற்றையும் விழுங்கிவிடும், 13 கி.மீ.க்கு மேல் கிடைக்காது. பெரிய எஞ்சினைச் சுமக்க வலுவான சட்டகம், அகலமான டயர், பெரிய பிரேக் என்று எடையும் கூடுகிறது. நகரத்தில் ஒவ்வொரு சிக்னலிலும் அந்த எடையை நிறுத்தி மறுபடி ஓடவைக்கும் செலவு தனி.

டீசல் எஞ்சினில் திராட்டில் கதவு வேலை செய்வதில்லை. அழுத்த விகிதமும் அதிகம். அதனால்தான் 68 குதிரைத்திறன் லான்சரைப் போன்ற வண்டிகள் அதிகம் ஓடுபவர்களைக் கவர்ந்தன. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வந்தபின் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி கட்டாயமாயிற்று, விலை ஏறியது, குடும்ப செடான்களிலிருந்து டீசல் ஒவ்வொன்றாக விடைபெற்றது. பழைய பிஎஸ்-6 டீசல் வாங்குபவர் தன் தினசரி ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து பள்ளி என்ற ஐந்து கி.மீ. ஓட்டத்தில் அந்த வடிகட்டி சூடேறித் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பே கிடைக்காது. அடைத்துக்கொள்ளும்.

ஷோரூமில் காட்டும் மைலேஜ் எண் சாலையில் எடுத்ததல்ல. உருளைகள்மீது காரை நிறுத்தி, ஏறக்குறைய 20 நிமிடம், அதிகபட்சம் 90 கி.மீ. வேகத்தில், ஏசி அணைத்து ஓட்டி எடுக்கப்படுவது. இந்தச் சோதனை ஒரு வியப்பான முடிவைத் தருகிறது. 2023 வெர்னாவில் 115 குதிரைத்திறன் சாதா எஞ்சினுக்கு மேனுவல் கியரில் சான்றளிக்கப்பட்டது 18.6 கி.மீ.; 160 குதிரைத்திறன் டர்போவுக்கோ 20 கி.மீ. அதிகத் திறன், அதிக மைலேஜ். பொய் இல்லை, காரணம் உண்டு. டர்போ குறைந்த சுற்றிலேயே முறுக்குவிசையைத் தருவதால் எஞ்சினை மெதுவாகச் சுழலவிட்டுக் காரை ஓட்ட முடிகிறது. மெதுவாகச் சுழலும் எஞ்சினில் உராய்வும் குறைவு, உறிஞ்சல் இழப்பும் குறைவு. ஆனால் காலை அழுத்தினால் கதை மாறும். டர்போ திணிக்கும் காற்றுக்கு ஏற்ப எரிபொருள் போகும். உச்சச் சுமையில் சிலிண்டரைக் குளிர்விக்கவென்றே கூடுதல் பெட்ரோல் தெளிக்கப்படுவதும் உண்டு. டர்போ காரின் மைலேஜ் ஓட்டுநரின் வலது பாதத்தில் இருக்கிறது. சாதா எஞ்சினின் மைலேஜ் ஆளுக்கு ஆள் அவ்வளவு மாறாது. ஒரே காரை அப்பாவும் மகனும் மாறி மாறி ஓட்டும் வீட்டில் இது முக்கியமான வேறுபாடு.

உண்மை மைலேஜ் அறிய வழி பழையதுதான். பங்க்கில் தானியங்கித் துப்பாக்கி முதன்முறை ‘டக்’ என்று நிற்கும்வரை நிரப்ப வேண்டும். ஓடிய தூர அளவியை பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, குறைந்தது 300 கி.மீ. ஓட்டி, அதே பங்க்கில், முடிந்தால் அதே குழாயில், மறுபடி அதே ‘டக்’ வரை நிரப்ப வேண்டும். துப்பாக்கி நின்றபின் சில்லறைக்காக இன்னும் கொஞ்சம் விடச் சொன்னால் அளவு கெட்டுவிடும். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் விடை. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலில் லிட்டருக்கு 21 மெகாஜூல்தான். ஆகவே கலந்த பெட்ரோலின் ஆற்றல் ஆறேழு விழுக்காடு குறைவு. மைலேஜும் அந்த அளவுக்கு இறங்குவதை எதிர்பார்க்கலாம்.

கிடைத்த எண்ணைப் பணமாக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடும் குடும்பம், 10 கி.மீ. தரும் காரை விட்டு 15 தரும் காருக்கு மாறினால் மிச்சம் 500 லிட்டர். 20 தருவதை விட்டு 25 தருவதற்கு மாறினால் மிச்சம் 150 லிட்டர்தான். இரண்டிலும் ஏறியது அதே ஐந்து கி.மீ. ஆகவே 20-க்கு மேல் தரும் இரண்டு கார்களுக்கு இடையே மைலேஜை மட்டும் வைத்துத் தேர்வு செய்வது வீண் கவலை. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் ஆண்டுக்கு 15,000 ரூபாய். ஒரு பழுது அதைத் தின்றுவிடும்.

சி.என்.ஜி.யும் ஹைபிரிடும் திறனையும் மைலேஜையும் எடைபோடும் தராசின் இரு தட்டுகள். எரிவாயு, சிலிண்டருக்குள் போகும் காற்றின் இடத்தை எடுத்துக்கொள்வதால் திறன் குறைகிறது. டிசையரில் 82 குதிரைத்திறன் 70 ஆகிறது. ஐந்து பேரோடும் ஏசியோடும் லாரியை முந்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. 2022-இல் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட் எதிர்ப்பக்கம் போகிறது. எஞ்சின் உகந்த நிலையில் மட்டும் ஓட, மற்ற நேரத்தை மின்மோட்டார் பார்த்துக்கொள்கிறது. 126 குதிரைத்திறனும் 26.5 கி.மீ. சான்றும் ஒரே காரில் சேர்ந்தன. விலைதான் பலருக்கு எட்டவில்லை.

நம்பகத்துக்குக் குதிரைத்திறன் போல ஓர் எண் கிடையாது. எஞ்சின்கள் பெரும்பாலும் திறனால் சாவதில்லை, வெப்பத்தால் சாகின்றன. அலுமினிய ஹெட்டும் அதன் அடியில் இருக்கும் பிளாக்கும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரியும். இடையில் இருக்கும் கேஸ்கெட் அந்த இழுபறியைத் தாங்குகிறது. ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் ஹெட் வளைந்துவிடும். பழைய கார் பார்க்கப் போகும் மெக்கானிக், பானட்டைத் திறந்ததும் முதலில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். உட்புறம் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ பளபளத்தால் சரி. பால் விட்ட காபி நிறத்தில் குழைவாக ஏதேனும் ஒட்டியிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. கேஸ்கெட் போயிருக்கலாம் என்று அங்கேயே விரல் வைத்துக் காட்டுவார். காரணம் பல நேரம் ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து உப்பு போர்வெல் தண்ணீர் கூலண்ட் குழாய்களில் படிவு கட்டும், அலுமினியத்தை அரிக்கும். நூறு குதிரைத்திறன் கார் என்றாலும் குளிர்விக்க வேண்டிய தண்ணீர்ப்பாதை ஒரு விரல் அகலம்தான்.

டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது, மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீது. எண்ணெயின் வெப்பம் பத்து டிகிரி ஏறும்போதெல்லாம் அது கெட்டுப்போகும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. சாதா எஞ்சின் எண்ணெய் மாற்றத்தை இரண்டாயிரம் கி.மீ. தள்ளிப்போட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம், டர்போ பொறுக்காது. கியர் பெட்டியிலும் இதே நியாயம். ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலைச் சுற்றி வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும். அங்கே ஹாஃப் கிளட்சில் ஊரும் மேனுவல் காருக்கு கிளட்ச் பிளேட் தேயும். எண்ணெயில் மூழ்காத உலர் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கோ சூடேறி எச்சரிக்கை விளக்கைக் காட்டும். நெரிசலில் அதிகம் ஓடும் குடும்பத்துக்கு டார்க் கன்வர்ட்டரோ சி.வி.டி.யோ பொறுமையான துணை.

மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணியாற்றின் தரைப்பாலங்கள்மீது தண்ணீர் ஏறும். 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் 375 மி.லி.; அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்று என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 42 மி.லி. மட்டுமே. காற்றை அந்த இடத்துக்குள் நசுக்கலாம். தண்ணீரை நசுக்க முடியாது. காற்று உறிஞ்சும் குழாய் வழியாக டீக்கடை கிளாஸில் பாதியளவு தண்ணீர் உள்ளே போனாலே பிஸ்டன் முட்டி நின்றுவிடும். கனெக்டிங் ராடு வளையும். 68 குதிரைத்திறனோ 160-ஓ, இதில் வேறுபாடு இல்லை. உறிஞ்சும் குழாயின் வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. கயிறு கட்டி மேட்டுக்கு இழுத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே சாவியைத் திருப்பலாம்.